கூறு வைத்த காளான்

என் சித்தி காளான் சாப்பிட்டு இறந்துபோனாள். அது என்ன காளான் என்று நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னவள் நான். அதைப் பறித்த கை யாருடையது என்பது எனக்குத் தெரியாது. எந்தக் கண்ணாடியிலும் அது தெரியப்போவதில்லை. ஆனால் கோம்பையில் சித்தி குடியிருந்த தெருவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதிலும் எதிர்வீட்டு அத்தைக்கு அது தெரியாமல் சோறு இறங்கவில்லை.

என் வேலை திராட்சை இலை. ஓடைப்பட்டியில் ஓர் உரக்கடைக்குப் பின்னால் இரண்டு அறைகளில் சிறிய பரிசோதனைக்கூடம் இருக்கிறது. பழனிசெட்டிபட்டியிலிருந்து ஸ்கூட்டரில் போய்வருகிறேன். தோட்டக்காரர்கள் பாலிதீன் பையில் இலையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, டாக்டர் முகத்தைப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்ப்பார்கள். இலைக்கு அடியில் படிந்திருக்கும் வெள்ளை, அடிச்சாம்பல் நோயா, வெறும் சாம்பல் நோயா, தெளித்த மருந்தின் கறையா என்று நான் சொல்ல வேண்டும். ஓர் இலைக்கு மூன்று இடங்களில் சுரண்டி மூன்று கண்ணாடிச் சில்லுகள் வைப்பேன். முதல் சில்லில் நாம் பார்க்க ஆசைப்படுவதே தெரியும் என்று கல்லூரியில் பழக்கியிருந்தார்கள். குடை விரித்து நிற்கும் காளான்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது பாடப்புத்தக அளவுதான். ஒரு பருவம் படித்து, தேர்வு எழுதி, மறந்திருந்தேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. பிள்ளை இல்லை, அதனால் நான்தான் பிள்ளை. கம்பம்மெட்டுக்கு அந்தப்பக்கம் ஓர் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வேலைக்குப் போய்வந்தாள். அந்தத் தெருவிலிருந்து போகிற பெண்கள் எல்லோருக்கும் அதே ஜீப். அவளுடைய இடம் பின்பக்கம், திறந்த ஓரம். அங்கே உட்கார்ந்தால் வளைவுகளில் குமட்டாது என்பாள். உண்மையில் அங்கிருந்துதான் சாலையோர மண்திட்டில் முளைத்திருப்பது தெரியும். ஓடுகிற ஜீப்பிலிருந்தே "ஏலே, நிறுத்து, நிறுத்து, அந்தா கூணு!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்துவாள். மலைக்கு மேலே வேலை பார்த்துப் பார்த்து, காளானுக்கு மலையாளத்துச் சொல்லே அவர்களுடைய வாயில் வந்துவிட்டிருந்தது. அவளுடைய கண் தப்பாது என்று அந்த ஜீப்பில் பேர்.

கல்லூரி விடுமுறையில் ஒருமுறை நானும் அவர்களோடு போயிருக்கிறேன். சாரல் காலம். கீழே நமக்குக் காற்று மட்டும்தான் வரும். மேலே நாள் முழுக்க நனைந்துகொண்டே இருக்கும். ஏலச்செடிகளுக்கு நிழலுக்காக விட்ட பெருமரங்களுக்கு நடுவே கரையான் புற்றுகள், புற்றுகளைச் சுற்றிக் காளான். பறிப்பதற்கு அவர்களிடம் முறை உண்டு. பிடுங்கக் கூடாது. மண்ணோடு மண்ணாக விரலை வைத்து ஒடிக்க வேண்டும். புற்றுக்காளானுக்கு நீளமான வேர்போல ஒன்று கீழே கரையான் கூடுவரை போகும். அதைச் சேதப்படுத்தாமல் விட்டால் அடுத்த சாரலுக்கு அதே இடத்தில் எழும்பும். நான் ஒன்றைப் பிடுங்கிவிட்டேன். ஜீப்பே என்னைத் திட்டியது. "படிச்ச புள்ள வேரோட புடுங்குது பாரு. அடுத்த வருசத்துக்குச் சோறு வேணாமா?"

இறங்கும் வழியில் வளைவுகள் முடிந்து சாலை சமதரையைத் தொடும் இடத்தில் ஜீப் நிற்கும். யார் எவ்வளவு பறித்தார்கள் என்ற கணக்கே கிடையாது. எல்லோருடைய மடியிலும் தூக்குச்சட்டியிலும் இருப்பதை ஒரே சாக்கில் கொட்டிக் கலப்பார்கள். ஒருத்தி ஆளுக்கொரு கூறாகப் பிரித்து வைப்பாள். இன்னொருத்தி கூறுகளைப் பார்க்காமல் முதுகைக் காட்டித் திரும்பி நிற்பாள். கூறு வைத்தவள் ஒன்றைத் தொட்டு "இது யாருக்கு?" என்பாள். திரும்பி நிற்பவள் வாய்க்கு வந்த பெயரைச் சொல்வாள். பெரிய கூறு, சின்னக் கூறு என்று யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. கறிக்கும் இப்படித்தான், மீனுக்கும் இப்படித்தான். இவ்வளவு நேர்மையான பங்கீட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

இந்தச் சாரலில் ஒரு திங்கட்கிழமை காலை, நான் அறையைத் திறந்துகொண்டிருந்தபோது சித்தப்பா போனில் கூப்பிட்டார்.

"ஆத்தா, ஒன் சித்திக்கு நேத்து விடியக்காலையில இருந்து வாந்தியும் பேதியும். உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில வச்சிருக்கு. பயப்படாத, இப்பத் தேவல. எந்திரிச்சு ஒக்காந்துட்டா."

"என்ன சாப்பிட்டாக?"

"சனிக்கிழம கூணு கொழம்பு வச்சா. எனக்குத்தான் அந்த வாடையே ஆகாதே, நான் தொடல. டாக்டரு, மிச்சம் இருந்தா யாருகிட்டயாவது காட்டிக் கேளுங்கன்னாக. நீதான் பூஞ்சக் காளான் படிச்சிருக்கியே. பாத்து ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா மத்தியானமே கூட்டியாந்துருவேன். நாளைக்கு ஏலக்கா மொத எடுப்பாம். போகாட்டி ஜீப்புல எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவான்னு ஒரே அலமலப்பு."

என் மனம் எதையும் வரிசையில் வைத்துத்தான் யோசிக்கும். சாப்பிட்டது சனி முன்னிரவு. வாந்தி தொடங்கியது ஞாயிறு விடியல். இடையில் ஒரு முழு இரவு அமைதி. வயிற்றை மட்டும் கெடுக்கும் காளான்கள் இவ்வளவு பொறுமையாக இருப்பதில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே புரட்டிவிடும். தாமதித்து வருபவைதான் மோசமானவை. அவற்றில் இன்னொன்றும் உண்டு: வாந்தி நின்று, ஆள் தெளிந்து, நன்றாகிவிட்டது என்று எல்லோரும் மூச்சுவிடும் ஒரு நாள். அந்த நாளில்தான் உள்ளே ஈரல் அழிந்துகொண்டிருக்கும். இந்த ஒரு பக்கம் மட்டும் பாடத்திலிருந்து எனக்கு மறக்காமல் இருந்தது.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க சித்தப்பா. கொழம்பையும், காளான் சுத்தம் பண்ணுன கழிவு கெடந்தா அதையும் எடுத்துட்டு வாங்க."

அவர் எதிர்வீட்டு அத்தையின் மகனுடைய பைக்கை வாங்கிக்கொண்டு வந்தார். ஃபிரிட்ஜில் இருந்த தூக்குவாளியும், வாழைமரத்தடியில் கொட்டிய கழிவை மண்ணோடு அள்ளிய ஒரு காகிதப் பொட்டலமும் கையில் இருந்தன. மஞ்சள்தூள் போட்டுப் பார்த்துத்தான் சித்தி சமைத்தாள், நிறம் மாறவில்லை என்று மூன்று தடவை சொன்னார். வாளியை மேசையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மூடியைத் திறந்ததும் மல்லியும் பூண்டும் வதக்கிய சித்தியின் சமையல் வாசனை, மருந்து வாடை மட்டுமே இருக்கும் அந்த அறையில் நிறைந்தது. எனக்குப் பசித்தது. அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கழிவில் முழுக்காளான் எதுவும் இல்லை. உரித்த தோல், ஒடிந்த தண்டுத் துண்டுகள். எல்லாத் தண்டும் மண்மட்டத்துக்கு மேலே சுத்தமாக ஒடிக்கப்பட்டிருந்தன. அடிப்பாகம் ஒன்றுகூட இல்லை. ஒரு துண்டில் மட்டும் பாவாடை விளிம்புபோல மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒட்டியிருந்தது. அது விஷக்காளானின் கழுத்து வளையமாக இருக்கலாம், மழையில் நைந்த தோலாகவும் இருக்கலாம்.

படம் எடுத்து, மலையாளப் பக்கம் காளான் ஆராய்ச்சி செய்யும் என் கல்லூரி அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். "போட்டோவ வச்சு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். குழம்புல செதில் கிடைக்கும் பாரு, குடைக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்குமே, அது. வெந்தாலும் வித்து சாகுமே தவிர உருவம் போகாது. அயோடின் விட்டுப் பாரு. ஒரு துண்டோட நிறுத்தாத."

குழம்பிலிருந்து ஒவ்வொரு துண்டாக இடுக்கியால் எடுத்து, எண்ணெய் போக சோப்புநீரில் அலசி, செதிலைக் கீறிச் சில்லில் வைத்தேன். முதலில் தெரிந்ததெல்லாம் சமையல்தான். மிளகாய்த்தோலின் சிவப்புக் கட்டங்கள். அரைத்துவிட்ட அரிசியின் மாவுமணிகள். அயோடின் பட்டதும் அவை மைபோலக் கறுத்தன. அவற்றுக்கு நடுவே நீள்முட்டை வடிவில், பளிங்குபோல, எந்த நிறமும் ஏறாமல் காளானின் வித்துகள். புற்றுக்காளான். நல்ல காளான். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

பிறகு வழக்கம்போல இரண்டாவது துண்டு.

இதில் வித்துகள் உருண்டை. ஒரு பக்கம் சின்ன மூக்கு. அயோடின் மெல்ல உள்ளே ஊறியது. மாவுமணி உள்ளும் புறமும் கறுக்கும். இவை அப்படிக் கறுக்கவில்லை. சுவர் மட்டும், விளிம்பு மட்டும், சிலேட்டு நிறத்தில் நீலம் ஏறியது. பனியில் தூரத்து விளக்குகளைச் சுற்றி ஒரு வளையம் தெரியுமே, அப்படி. செதிலை மெல்லிய குறுக்குவெட்டாக வெட்டிப் பார்த்தேன். அதன் இழைகள் நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் வகிடெடுத்து வாரியதுபோல விலகிப் போயின. அந்த அமைப்பு ஒரு காளான் குடும்பத்துக்கு மட்டும்தான் உண்டு. அதில் வெள்ளை வெளேர் என்று இருக்கும் சிலவற்றின் விஷத்துக்கு மருந்து கிடையாது.

மூன்றாவது துண்டும் பார்த்தேன். அது நல்ல காளான். நான்காவது, உருண்டை.

அக்காவுக்குப் படம் அனுப்பினேன். அவள் ஒரு வரிதான் எழுதினாள்: ஆஸ்பத்திரிக்குச் சொல்லு.

உத்தமபாளையத்துக்குப் போன் செய்தேன். டாக்டர் ஒரு சின்னப் பெண், குரலைக் கேட்டால் என் வயதுதான் இருக்கும். நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டார். "நானும் சந்தேகப்பட்டுத்தான் டிஸ்சார்ஜ் பண்ணாம வச்சிருந்தேன். ஈரல் டெஸ்ட் இப்பத்தான் வந்துச்சு. ஏறியிருக்கு. தேனிக்கு அனுப்பறேன். கூடச் சாப்பிட்டவங்க யாரு?"

அப்போதுதான் எனக்குச் சாக்கு நினைவுக்கு வந்தது. கூடச் சாப்பிட்டது ஒரு வீடு இல்லை. ஒரு ஜீப்.

நான் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனபோது சித்தி கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் களை இருந்தது. என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கச் சொன்னாள்:

"வந்துட்டா எங்க டாக்டரம்மா. எஞ் சோத்தப் போயி மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தாளாம்! ஏ புள்ள, உப்பு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு சித்தி."

"பொறகென்ன. கைப்பக்குவத்துக்கு ஒரு சர்டிவிகேட்டு எழுதிக் குடு. ஒன் சித்தப்பன் இத்தன வருசத்துல ஒரு நாளு சொன்னதில்ல." சித்தப்பா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். டாக்டர் சொன்னது அவருக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. "நாளைக்கு விட்டுருவாகளா? எடம் போயிரும்டி. அந்தப் பாழாப்போன டிரைவரு எவளையாவது ஒக்கார வச்சிருவான்."

அவளுக்குத் தலைவாரிவிடச் சொன்னாள். பின்னால் உட்கார்ந்து சீப்பால் வகிடெடுத்தேன். நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் முடி விலகிப் படிந்தது. என் கை நின்றுவிட்டது. "என்னடி, பேனு கெடக்கா?" என்றாள். "இல்ல" என்று சொல்லிப் பின்னத் தொடங்கினேன். செத்தவர்கள் வந்து பேசுவதாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பகல் முழுக்க உயிரோடிருப்பவள் பேசப் பேச அப்படித்தான் இருந்தது. அவள் சிரித்தபோது, இந்தச் சிரிப்பு ஏற்கெனவே முடிந்துபோனது, இங்கே வந்துசேரத் தாமதமாகியிருக்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றியது.

ஜீப் பெண்களை எல்லாம் ரத்தப் பரிசோதனைக்கு வரவைத்தோம். கேலி பேசிக்கொண்டுதான் வந்தார்கள். "ஒருத்தி வகுத்துக் கோளாறுக்கு ஊரே ஊசி போடணுமாக்கும்." இரண்டு பேருக்கு வயிறு லேசாகப் பிரட்டியிருந்தது. ஈரல் எல்லோருக்கும் சரியாக இருந்தது. அதாவது கெட்டவை எத்தனையோ, அத்தனையும் சித்தியின் கூறில் விழுந்திருக்கின்றன. கலந்து கொட்டிய சாக்கில் அப்படி விழுவதும் நடக்கக்கூடியதுதான். யாரும் அதற்கு எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை.

எதிர்வீட்டு அத்தை தன் ரிசல்ட் தாளை மடித்து மடித்து விரல்நீளத்துக்கு ஆக்கி வைத்திருந்தாள். சித்தியும் அவளும் ஒரே வருடம் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நடைபாதையில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"சனிக்கிழம கூறு வச்சது நானு."

"அதுனால என்ன அத்தை?"

"இந்தக் கையாலதான அள்ளி வச்சேன். அவ அங்கிட்டுத் திரும்பி நின்னா. ஒவ்வொண்ணாக் கேட்டேன். கடைசிக்கு முந்துன கூறு. இது யாருக்குன்னேன். 'எனக்கு'ன்னா. எனக்குன்னுட்டு, 'நல்லாப் பெருசா வச்சிருக்கியாடி'ன்னு சிரிச்சா." அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். "அது கெடக்கட்டும். நா பறிச்சதுல கொஞ்சம் பெரிய மரத்தடியில, வெள்ள வெளேர்னு இருந்துச்சு ஆத்தா. புத்தும் அங்கனதான், மரமும் அங்கனதான். எல்லாரும் அங்கனதான் பறிச்சோம். நீ கண்ணாடியில பாத்தியே, அது நா பறிச்சதா?"

நான் தெரிந்ததைச் சொன்னேன். அந்த வெள்ளைக் காளான் மரவேரோடு சேர்ந்து வாழ்வது. மேலே பார்த்தால் இளம் புற்றுக்காளானுக்கும் அதற்கும் மழையில் பெரிய வித்தியாசம் தெரியாது. அடையாளம் மண்ணுக்குள் இருக்கிறது: உடைந்த முட்டையோட்டிலிருந்து எழுந்ததுபோல அடியில் ஒரு கிண்ணம். பிடுங்கினால் கையோடு வரும்.

"புடுங்கக் கூடாதே" என்றாள் அத்தை.

"ஆமா."

"நாங்க ஒருத்தருமே புடுங்க மாட்டமே ஆத்தா."

அவர்கள் வைத்திருந்த நல்ல பழக்கமே கிண்ணத்தை மண்ணுக்குள் விட்டுவந்திருக்கிறது. அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்குப் புரிந்திருந்தது. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. திரும்பவும் கேட்டாள்: "நா பறிச்சதா?"

"அது கண்ணாடியில தெரியாது அத்தை."

அடுத்த நாள் சித்தியின் கண்கள் மஞ்சளாயின. மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே செய்யக்கூடியதெல்லாம் செய்தார்கள். பேச்சு முதலில் குழறியது, பிறகு ஆள் அடையாளம் போனது. ஒரு பிற்பகல் சித்தப்பா டீ குடிக்கக் கீழே போயிருந்தார். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். திடீரென்று தெளிவான குரலில் ஒரு பெயரைச் சொன்னாள். ஜீப்பில் போகிற ஒருத்தியின் பெயர். சற்றுப் பொறுத்து இன்னொரு பெயர். பிறகு எதிர்வீட்டு அத்தையின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் யாரோ கேட்பதற்காகக் காத்திருந்தாள். முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளிகளில் கேட்டுக்கொண்டிருந்தது யார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் வாயைக் கையால் பொத்தியிருந்தேன். அந்த ஜீப்பில் போகிற எல்லாப் பெயரும் வந்தன. "எனக்கு" என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

காரியம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். திராட்சை இலை, மூன்று சில்லு, ரிப்போர்ட். கண்ணை வில்லையோடு ஒட்டும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் ஒருவர் குனிவதுபோல இருக்கும். உப்பு சரியா இருந்துச்சா. சில்லில் ஒரு காற்றுக்குமிழி உருண்டையாகத் தெரிந்தால்கூட விளிம்பில் நீலம் ஏறுகிறதா என்று என்னையறியாமல் காத்திருப்பேன். குழம்பில் எடுத்த சில்லை விளிம்பில் நகப்பூச்சு தடவி மூடி, பெட்டியின் கடைசி வரிசையில் வைத்திருந்தேன். தூக்கிப்போடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஜீப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். தனித்தனியாகத்தான். கோம்பையிலிருந்து ஓடைப்பட்டிக்கு பஸ் மாறி வர வேண்டும். ஒருத்தி புள்ளி விழுந்த ஏல இலை கொண்டுவந்தாள். இன்னொருத்தி வீட்டுக் கறிவேப்பிலை. இலையை மேசையில் வைத்துவிட்டு, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். "நா ஒரு கைப்பிடிதான் பறிச்சேன். அதுல இருந்திருக்குமா?" எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். ஒவ்வொருத்தியும் நான் மறைப்பதாக நினைத்துக்கொண்டு போனாள்.

எதிர்வீட்டு அத்தை மட்டும் வரவில்லை. வேலைக்கே போகவில்லை என்று கேள்விப்பட்டேன். கதவை அடைத்துக்கொண்டு கிடக்கிறாளாம். சோறு தின்னும் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்துவிட்டதாம். சித்தப்பா வெளியே வந்தால் அவள் சன்னலைச் சாத்திக்கொள்கிறாளாம்.

இதைச் சொன்னது சித்தப்பாதான். ஒரு மத்தியானம் கடைக்குள் வந்து, பூச்சிமருந்து டப்பாக்களுக்கு நடுவே நின்று என்னைக் கூப்பிட்டார். சவரம் செய்திருக்கவில்லை.

"அத நான் பாக்கணும் ஆத்தா."

வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. சில்லை எடுத்து வைத்து, விளக்கைப் போட்டு, ஸ்டூலை இழுத்துக் கொடுத்தேன். வெகுநேரம் குனிந்திருந்தார்.

"ஏதோ முடியாத் தெரியுது."

"அது ஒங்க இமை முடி சித்தப்பா. கொஞ்சம் தள்ளிப் பாருங்க."

தள்ளினார். பிறகு அசையவில்லை. "இந்த உருண்டையா இருக்கே, இம்புட்டூண்டு."

"ஆமா."

"இது ஒரு ஆளையே..." முடிக்கவில்லை. நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவ பறிச்சதுன்னு சொல்லிரு."

எனக்குப் புரியவில்லை.

"அவளே பறிச்சது, அவளே தின்னுட்டான்னு சொல்லிரு ஆத்தா. நீ சொன்னா கேப்பாக. அந்தத் தெருவுல நான் இருக்கணும்ல. கதவத் தெறந்தா எதுக்க அந்த வீடு. அந்தப் பொம்பள செத்துச் செத்துப் பொழைக்குது. அதப் பாக்குறப்ப எனக்கும் ஒரு நேரம் தோணிருது, இவ கையாத்தான் இருக்குமோன்னு. அப்பிடித் தோணுறது எனக்குப் பயமா இருக்கு."

"சித்தி கண்ணு தப்பாதுன்னு சொல்லுவாக சித்தப்பா. அந்தப் பேரு ஒண்ணுதான சித்தப்பா அவளுக்கு மிச்சம்."

"தெரியும்."

"நான் பாக்காத ஒண்ண எப்பிடிச் சொல்றது?"

அவருக்கு என் மேல் கோபம் இல்லை. "சரி, நீ சொல்ல வேணாம்" என்றார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

அதற்குப் பிறகு இலை கொண்டு வருவது நின்றது. ஜீப் பெண்கள் யாரும் வரவில்லை. ஏன் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை என்றால் அது உண்மையல்ல. யோசித்தேன், போன் செய்து கேட்கவில்லை.

சாரல் ஓய்ந்து வெயில் எட்டிப்பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை கோம்பைக்குப் போனேன். சித்தியின் துணிகளைப் பிரித்துக் கொடுக்க அம்மா அனுப்பியிருந்தாள். தெருக்குழாயில் எதிர்வீட்டு அத்தை குடம் வைத்துக்கொண்டு நின்றாள். இளைத்திருந்தாள். வலது கையில் புதுத்தோல் வெளிறிப்போய் இருந்தது. என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"ஒங்க சித்தப்பா சொன்னாக" என்றாள். "நீ கண்ணாடியில நல்லாப் பாத்துச் சொன்னியாமே. அவ தனியாப் போயி, ஓடைக்கரையில பறிச்சு, சாக்குல போடாம மடியில கட்டிக் கொண்டாந்ததாம்ல. அந்த எடத்து மண்ணு வேறயாம், அது ஒட்டியிருந்துச்சாம். அதுலயே தெரிஞ்சு போச்சாம்."

சித்தப்பா இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்வார் என்று நான் நினைத்ததில்லை. மண் என்ற ஒன்றை அவர் எங்கிருந்து பிடித்தார்! அந்தப் பொட்டலத்தை வாழைமரத்தடியில் அள்ளியவர் அவர்தானே.

அத்தை என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அவ மடியில கட்டுற ஆளு இல்லியேடி" என்றாள் மெதுவாக. "ஒரு காளானக்கூட ஒளிச்சு வைக்க மாட்டா. அவ கண்ணும் அப்பிடித் தப்பாது."

அதை நம்ப அவளுக்கு ஆசையில்லாமல் இல்லை. என் வாயால் வர வேண்டும் என்று காத்திருந்தாள். குழாயின் கடைசித் துளிகள் குடத்துக்குள் விழுந்துகொண்டிருந்தன. சித்தப்பாவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே இருட்டில் நின்றிருந்தாரா, இல்லை கொடியில் தொங்கிய சட்டையா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த வீட்டுக்குள்ளிருந்து யாரோ இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

"தப்பிருச்சு அத்தை" என்றேன்.

அவள் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். வெளிறிய கை குடத்தின் கழுத்தைச் சுற்றிப் பிடித்தது.

"அப்ப நாளைக்கு ஜீப்புக்குப் போறேன்" என்றாள். "அவ எடத்துல இத்தன நாளா ஒருத்தியும் ஒக்காரலையாம். ஓரத்துல தண்ணி அடிக்குதுன்னு சாக்குச் சொல்லுறாளுக. நான் போயி ஒக்காந்துக்கிறேன்."

சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள். நான் சித்தியின் துணிகளைப் பிரிக்கப் போனேன்.